கையா, பொறுமையா: பெங்களூர் டெக்கன் ஆட்டக்காரர் ஒருவரின் தேக்கம் பற்றிய நிகழ்வு ஆய்வு

இருவர் மோதும் சண்டை வீடியோ கேமான டெக்கன் 8 ஆடுகிற யாருக்கும் எலிமினேட்டர் ரேங்க் பழகிய இடம். ஆரஞ்சு நிறத்தின் கடைசிப் படி அது. தாண்டினால் கார்யூ, சிவப்பு தொடங்கிவிடும். ஏறுவதும் இறங்குவதுமாக அந்தப் படியிலேயே மாதக்கணக்கில் உட்கார்ந்துவிடுபவர்கள் நிறைய. அப்படி மாட்டிக்கொண்ட ஒருவரைப் பற்றியது இந்த ஆய்வு. அல்சூரை ஒட்டிய மர்ஃபி டவுன்காரர், வயது இருபதுகளின் தொடக்கம். பகலில் கார் சர்வீஸ் ஸ்டேஷனில் வேலை, இரவில் ஒன்றரை மணி நேரம் ஆட்டம். பெயர் வேண்டாம் என்றதால் 'ஆட்டக்காரர்' என்றே குறிப்பிடுகிறோம்.

அவர் எடுத்தாடும் கதாபாத்திரம் கஸுயா. டெக்கனில் கைப்பழக்கத்தை மிக அதிகமாகக் கேட்கும் பாத்திரங்களில் ஒன்று. சேர்ந்து ஆடும் நண்பர்களின் தீர்ப்பு ஒரே வரி: "மச்சா, உனக்குக் கை இருக்கு, பொறுமைதான் இல்ல." அவருடைய எண்ணம் இதற்கு நேர் எதிர். இத்தனை மாதம் விடாமல் ஆடுகிறேன், இதைவிடப் பொறுமை என்ன வேண்டும், கைதான் போதவில்லை என்பது அவர் கட்சி. புது கண்ட்ரோலர் வாங்கும் யோசனைகூட அதில்தான் முளைத்தது.

இரண்டு கட்சியும் பாதியைத்தான் பார்த்தன. அவருடைய கை போதுமானதாகவே இருந்தது. பொறுமையும் இருந்தது, ஆனால் அது முழுக்க அவருக்கு ஏற்கெனவே நன்றாக வருகிற ஒரு வேலையில் செலவாகிக்கொண்டிருந்தது. இதை எப்படிக் கண்டுபிடித்தோம், எதை மாற்றினோம், எது சரிவரவில்லை என்பதை விவரமாகவே எழுதுகிறோம். டெக்கன் ஆடாதவர்களும் தங்கள் ஆட்டத்துக்கு எடுத்துக்கொள்ளக்கூடிய முறை இது.

முதலில் திரையும் வயரும்

ஆட்டக்காரரைத் திருத்துவதற்கு முன்னால் கருவியைப் பார்த்துவிட வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் வாரக்கணக்கில் நேரம் வீணாகும்.

டெக்கன் செகண்டுக்கு 60 ஃபிரேம் ஓடும் ஆட்டம். ஒரு ஃபிரேம் என்பது 16.67 மில்லி செகண்ட். எந்த அடி எத்தனை ஃபிரேமில் வந்து விழும், தடுத்தால் யார் எத்தனை ஃபிரேம் முந்துகிறார் (முந்துபவர் பிளஸ், பிந்துபவர் மைனஸ்) என்பதுதான் இந்த ஆட்டத்தின் மொத்தக் கணக்கும். வரவேற்பறையில் மாட்டியிருக்கும் சாதாரண டிவி, படத்தை மெருகேற்றுகிறேன் என்று 50 முதல் 100 மில்லி செகண்ட் வரை தாமதம் சேர்ப்பதுண்டு. அதாவது 3 முதல் 6 ஃபிரேம். கேம் மோடை இயக்கினால் பெரும்பாலும் இது வெகுவாகக் குறையும். ஆட்டக்காரர் வீட்டில் கேம் மோடு இயங்கவில்லை. டிவியின் அமைப்புப் பட்டியலில் அப்படி ஒன்று இருப்பதே வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

தாமதத்தை அளக்கத் தனிக் கருவி தேவையில்லை. 240 ஃபிரேமில் ஸ்லோமோஷன் எடுக்கும் போன் போதும். பட்டனும் திரையும் ஒரே படத்தில் தெரியும்படி போனை நிறுத்தி, பட்டனை அமுக்கி ஜாப் (வேகமான சின்னக் குத்து) அடியுங்கள். விரல் பட்டனைத் தொட்ட படத்திலிருந்து திரையில் கை அசையும் படம் வரை எண்ணுங்கள். போனின் 4 படம் ஆட்டத்தின் 1 ஃபிரேம். பத்துத் தடவை எடுத்துச் சராசரி பாருங்கள். ஒரே தடவை எடுத்த கணக்கை நம்ப வேண்டாம். இதே சோதனையைக் கேம் மோடு இல்லாமலும் இருந்தும் செய்தால் வித்தியாசம் கண்ணெதிரே தெரியும்.

இங்கே பலரும் ஒன்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். திரைத் தாமதம் காம்போவையோ (தொடர்ந்து விழும் அடிகளின் கோவை) எலெக்ட்ரிக்கையோ (கஸுயாவின் மின்னல் குத்து, விளக்கம் பின்னால்) பெரிதாகக் கெடுக்காது. அவை விரலுக்கும் விரலுக்கும் நடுவே உள்ள தாளம். கண் தாமதமாகப் பார்த்தாலும் தாளம் மாறுவதில்லை. தாமதம் அடிப்பது, பார்த்துச் செய்ய வேண்டியவற்றை: கீழே வரும் அடியைப் பார்த்துக் குனிவது, பிடியைப் பார்த்து உடைப்பது, தடுத்தவுடன் திருப்பி அடிப்பது. பயிற்சியில் கை பிரமாதமாகவும் ஆட்டத்தில் தற்காப்பு மோசமாகவும் ஒருவருக்கு இருந்தால், திரையைச் சந்தேகிக்க அது நல்ல காரணம்.

வைஃபைக்குப் பதில் லேன் கேபிள் போடச் சொன்னோம். நெருக்கமாக வீடுகள் உள்ள தெருக்களில் பக்கத்து வீட்டு ரௌட்டர்கள் எல்லாம் ஒரே அலைவரிசையில் மோதும். சராசரி பிங் (இணையத் தாமதம்) நன்றாகவே காட்டும். ஆனால் அரை நிமிடத்துக்கு ஒருமுறை படம் குதிக்கும். எதிராளியின் அசைவை ஊகித்துக் காட்டிப் பிறகு திருத்தும் ரோல்பேக் முறையில் அந்தக் குதிப்பு எதிராளியின் அடியின் முதல் சில ஃபிரேம்களை விழுங்கிவிடுகிறது. பார்த்துத் தடுக்கும் பயிற்சி இருந்தும் பார்க்க எதுவும் இருக்காது.

புது கண்ட்ரோலர் விஷயம். லீவர்லெஸ் என்று சொல்லும், திசைக்கும் பட்டனே உள்ள பலகையை அவர் வாங்க நினைத்தார். எஸ்.பி. ரோட்டில் ராஸ்பெர்ரி பை பிக்கோ பலகையும் வயரும் வாங்கி, 24 மற்றும் 30 மில்லிமீட்டர் ஆர்கேட் பட்டன்களைப் பொருத்தி, ஜிபி2040-சிஇ என்ற இலவச மென்பொருளை ஏற்றி, தாமே செய்துகொள்பவர்களும் இருக்கிறார்கள். நல்ல கருவிதான். ஆனால் தேக்கத்தின் காரணம் தெரியாத நிலையில் கருவியை மாற்றினால், விரல்கள் புதிதாகப் பழகும் வரை வரும் எல்லாத் தோல்வியும் கருவியின் கணக்கில் போய்விடும். உண்மையான ஓட்டை மறைந்துவிடும். பழைய பிளேஸ்டேஷன் பேடிலேயே தொடரச் சொன்னோம்.

தோற்ற ஆட்டங்களின் கணக்கு

திரையும் வயரும் சரியான பிறகும் ரேங்க் அசையவில்லை. அடுத்தது ரீப்ளே.

ஜெயித்த ஆட்டங்களை ஒதுக்கிவிட்டுத் தோற்றவற்றை மட்டும் எடுத்தோம். எப்படிக் குறிப்பது என்பதற்கு நல்ல வழி சொன்னவர் அவருடைய அக்கா. மென்பொருள் சோதனை வேலையில் இருப்பவர். "எதுனால தோத்தேன்னு எழுதாதடா. என்ன நடந்துச்சு, என்ன நடந்திருக்கணும், மறுபடியும் எப்ப வருது. இந்த மூணு மட்டும் எழுது" என்றார். அதன்படி ஒரு நோட்டில் மூன்று பத்தி. உயிர்க்கோடு கணிசமாகக் குறைந்த ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி ஒரு வரி.

கோபத்தில் எழுதும் விளக்கத்தை இந்த வடிவம் உள்ளேயே விடாது. "அவன் ஸ்பாம் பண்றான்" என்று எழுத அதில் பத்தி கிடையாது. "தடுத்தேன், மைனஸ் 6இல் இருந்தேன், ஜாப் அமுக்கினேன், அடி வாங்கினேன். சும்மா தடுத்திருக்க வேண்டும். தடுத்த பிறகு ஒவ்வொரு தடவையும் வருகிறது" என்றுதான் எழுத முடியும்.

நோட்டு நிரம்பியதும் தெரிந்தது என்ன? காம்போ நழுவிய இடங்கள் மிகக் குறைவு. ஆனால் அவருடைய பயிற்சி நேரம் கிட்டத்தட்ட முழுவதும் காம்போவிலும் எலெக்ட்ரிக்கிலும்தான் போனது. உயிர் போனது வேறு இரண்டு இடங்களில். ஒன்று, மைனஸில் இருக்கும்போது பட்டன் அமுக்குவது. இரண்டு, எதிராளியின் ஆபத்தான அடியைச் சரியாகத் தடுத்துவிட்டு, திருப்பி அடிக்காமல் விட்டுவிடுவது அல்லது தவறான அடியைக் கொடுப்பது.

முதலாவதன் கணக்கு எளிது. டெக்கனில் மிக வேகமான நின்ற நிலை அடி பொதுவாக 10 ஃபிரேம் ஜாப். உங்கள் அடியை எதிராளி தடுத்து நீங்கள் மைனஸ் 6இல் இருந்தால், அடுத்து நீங்கள் அமுக்கும் 10 ஃபிரேம் ஜாப் அவர் கணக்கில் 16ஆவது ஃபிரேமில்தான் வரும். ஆளை மேலே தூக்கும் அவருடைய 15 ஃபிரேம் லாஞ்சர்கூட முந்திவிடும். அந்த அடி கவுண்டர் ஹிட் ஆக, அதாவது நீங்கள் அடிக்கத் தொடங்கிய நேரத்தில், விழுவதால் சேதம் இன்னும் கூடும். "என் முறை எப்ப வரும்?" என்ற கேள்விக்கு ஃபிரேம் எண்ணிக்கைதான் பதில். ஆட்டக்காரருக்கு இந்த எண்களில் பாதி ஏற்கெனவே மனப்பாடம். அடி வாங்கியதும் உடனே திருப்பித் தரவேண்டும் என்ற பதற்றத்தில் விரல் முந்திக்கொண்டது. அந்த அளவில் நண்பர்கள் சொன்னது சரிதான்.

இரண்டாவது சிக்கல் இன்னும் சுவாரசியமானது, கஸுயாவுக்கே உரியது.

எலெக்ட்ரிக் என்ற பொறி

கஸுயாவின் எலெக்ட்ரிக் விண்ட் காட் ஃபிஸ்ட் அடிக்கும் முறை: முன், விடுதல், கீழ், பிறகு கீழ்-முன் மூலையும் 2ஆம் பட்டனும் ஒரே ஃபிரேமில். 1 என்பது இடது கை, 2 வலது கை. பிளேஸ்டேஷன் பேடில் முக்கோணம். ஒரே ஃபிரேம் என்றால் 16.67 மில்லி செகண்ட் சாளரம். அதில் விழுந்தால் நீல மின்னல் தெறிக்கும், எதிராளி தடுத்தாலும் கஸுயாவுக்கு பிளஸ் 5. ஒரு ஃபிரேம் பிந்தினால் மின்னல் இல்லாத சாதாரண விண்ட் காட் ஃபிஸ்ட். தடுத்தால் மைனஸ் 10, தடுத்தவர் திருப்பி அடிக்கும் ஜாப் தண்டனை உறுதி. ஒரே அசைவு, ஒரு ஃபிரேம் வித்தியாசம், 15 ஃபிரேம் இடைவெளி. டெக்கனில் கைத்திறனுக்கு இவ்வளவு வெளிப்படையான விலை வேறு எங்கும் போட்டிருப்பதாக எங்களுக்குத் தோன்றவில்லை.

இதைப் பழகுவோருக்குச் சில குறிப்புகள். பயிற்சி மோடில் கமாண்ட் ஹிஸ்டரியை இயக்கிவிடுங்கள். கீழ்-முன் அம்புக்குறியும் 2உம் ஒரே வரியில் வந்தால் சரி. அம்புக்குறி ஒரு வரியிலும் அதே அம்புக்குறி 2உடன் அடுத்த வரியிலும் வந்தால் பட்டன் பிந்திவிட்டது. கீழ் அம்புக்குறியோடு 2 சேர்ந்து வந்தால் பட்டன் முந்திவிட்டது. குனிந்த குத்துதான் கிடைக்கும். பிந்துகிறவர்கள் பெரும்பாலும் கட்டைவிரல் மூலைக்கு வந்து சேர்ந்ததை உணர்ந்த பிறகு பட்டனை அமுக்குகிறார்கள். அதற்கு மருந்து, கீழிலிருந்து மூலைக்கு உருளும் அசைவையும் பட்டனையும் ஒரே தட்டாக நினைப்பது. முந்துகிறவர்கள் வேகத்துக்கு ஆசைப்படுகிறார்கள். அவர்கள் பட்டனே இல்லாமல் குனிந்து பாயும் அசைவை மட்டும் சீராக வரும் வரை செய்ய வேண்டும். மிருதங்கம் கற்பவர்கள் முதல் காலத்தில் சொல் சுத்தமாக விழுந்த பிறகே இரண்டாம் காலத்துக்குப் போவதைப் போல, இங்கேயும் மெதுவாகச் சுத்தம், பிறகு வேகம். தடுமாறும் கையோடு வேகம் கூட்டினால் தடுமாற்றம்தான் பழகும்.

இதையெல்லாம் ஆட்டக்காரர் கடந்திருந்தார். அவர் பொறி வேறு. எலெக்ட்ரிக் அவருக்குப் பிடித்த அடி, கை நன்றாக வரும் அடி. எனவே எதைத் தடுத்தாலும் அதையே தண்டனையாகக் கொடுக்கப் பார்த்தார். அசைவுக்கான ஃபிரேம்களையும் சேர்த்தால் எலெக்ட்ரிக் வந்து விழ மிகத் துல்லியமான கைக்கே 13 அல்லது 14 ஃபிரேம் ஆகும். சாதாரணக் கைக்கு 15, 16. பல பாத்திரங்களிடம் இருக்கும் ஹாப்கிக், அதாவது குதித்து உதைத்துத் தூக்கும் அடி, தடுக்கப்பட்டால் பொதுவாக மைனஸ் 13. அங்கே எலெக்ட்ரிக் கொடுத்தால் எதிராளி நிதானமாகத் தடுத்துவிடுவார். அதற்குச் சரியான பதில் 10 ஃபிரேமில் வரும் 1,1,2. பார்க்க அழகில்லாத மூன்று குத்து. ஆனால் உறுதியான சேதம்.

அவருடைய நோட்டில் மறுபடி மறுபடி வந்த வரி இதுதான். கைத்திறன் வந்துவிட்டதாலேயே பிறந்த தவறு. எலெக்ட்ரிக் வராத ஒருவர் அந்த இடத்தில் 1,1,2 அடித்துச் சேதம் வாங்கியிருப்பார்.

என்ன பயிற்சி கொடுத்தோம்

ஒன்றரை மணி நேரத்தில் முதல் 20 நிமிடம் தண்டனைப் பயிற்சி. காம்போப் பயிற்சி முழுவதும் நிறுத்தம். வாரத்தில் ஒருநாள் கை மறக்காமல் இருக்க மட்டும்.

முதலில் மூன்றே பதில்கள். மைனஸ் 10 முதல் 13 வரை என்றால் 1,1,2. மைனஸ் 15உம் அதற்கு மேலும் என்றால் எலெக்ட்ரிக். கீழ் அடியைக் குனிந்து தடுத்தால், எழும்பும்போது 1,2. இது 13 ஃபிரேமில் வந்து எதிராளியைத் தூக்கும். மைனஸ் 14ஐ வேண்டுமென்றே விட்டுவிட்டோம். அது சரியாக வந்தால் லாபம், ஆனால் அந்த ஒரு எண்ணுக்காகத் தயங்கினால் மற்றதெல்லாம் பிந்தும்.

பயிற்சி மோடில் எதிராளிக்கு அடிகளைப் பதிவு செய்து, வரிசை மாற்றி ஆடவைக்கலாம். முதலில் பதிந்தவை மூன்று: ஒரு ஹாப்கிக், தடுத்தால் எந்தத் தண்டனையும் இல்லாத ஒரு நடு அடி, மெதுவாக வரும் ஒரு கீழ் அடி. ஹாப்கிக்கைத் தடுத்தால் 1,1,2. நடு அடிக்கு எதுவும் செய்யக்கூடாது. கீழ் அடிக்குக் குனிந்து தடுத்து எழும்பும் 1,2. நடுவில் உள்ள அந்த 'எதுவும் செய்யாதே' மிக முக்கியம். அது இல்லாமல் இரண்டை மட்டும் பதிந்தால் விரல் தாளத்துக்குப் பழகிவிடும், கண் தூங்கிவிடும். ஒரே அடியைத் திரும்பத் திரும்ப விட்டுத் தண்டிப்பது, பார்க்கச் சாதனையாகத் தெரியும், ஆட்டத்தில் உதவாது.

சில நாளில் புது நோய் ஒன்று தலைகாட்டியது. எதைத் தடுத்தாலும் கை போய்விடும். எதிராளி இரண்டாவது அடியைத் தாமதித்து விட்டால் நேராக அதில் போய் மாட்டினார். அதற்காக நான்காவது பதிவு சேர்த்தோம்: சில நேரம் ஓர் அடியோடு நிற்கும், சில நேரம் தொடரும் ஒரு தொடரடி. தண்டிக்கும் முன் தொடர் முடிந்ததா என்று பார்க்க அந்த ஒன்று போதும்.

எப்போது நிறுத்துவது என்பதற்கு ஒரு விதி: தவறுகள் குறைந்துகொண்டே வந்து, பிறகு கூடத் தொடங்கினால் அன்றைக்கு முடிந்தது. 20 நிமிடம் முடியாவிட்டாலும் சரி. களைத்த கை செய்வதையும் மூளை பாடமாகவே எடுத்துக்கொள்ளும். பகல் முழுவதும் ஸ்பேனர் பிடித்த கைக்கு இது இன்னும் சீக்கிரம் வந்துவிடுகிறது.

அடுத்து, தோற்ற ஆட்டத்தின் அதே கணத்துக்குத் திரும்பிப் போய் ஆடுவது. டெக்கன் 8இன் மை ரீப்ளே அண்ட் டிப்ஸ் பகுதியில், ஓடிக்கொண்டிருக்கும் ரீப்ளேயை நிறுத்தி அந்த இடத்திலிருந்து நாமே ஆட்டத்தைக் கையில் எடுக்க முடியும். தண்டிக்கத் தவறிய இடத்தையும் அதுவே சுட்டிக்காட்டும். நோட்டில் எழுதிய ஒவ்வொரு வரியையும் அங்கே போய் ஐந்து முறை சரியாகச் செய்துவிட்டு வரியை அடித்துவிடுவது வழக்கம். இது சலிப்பூட்டும் வேலை. எங்கள் பார்வையில், இந்த ஆட்டத்தில் உண்மையாகப் பொறுமை கேட்கும் இடம் இதுதான். ராத்திரி முழுக்க ரேங்க் ஆடுவதற்குப் பொறுமை தேவையில்லை, அது தானாக இழுத்துக்கொண்டு போகும். ஆன்லைனில் இன்னொரு ஆட்டம் காத்திருக்கும்போது, போன ஆட்டத்தின் ஒரு செகண்டை ஐந்து முறை ஆடுவதுதான் கடினம்.

எதிரே உட்கார ஒரு மனிதர் கிடைத்தால் இன்னும் நல்லது. ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர் ஒருவர் ஒரே வேலையோடு வந்தார்: தடுத்த பிறகு ஆட்டக்காரர் பட்டன் அமுக்குகிறாரா என்று பார்த்து, அமுக்கினால் அடிப்பது. 2019இல் லாகூரைச் சேர்ந்த அர்ஸ்லான் ஆஷ் ஒரே ஆண்டில் ஈவோ ஜப்பான், லாஸ் வேகஸ் ஈவோ என்ற இரண்டு பெரிய சண்டை ஆட்டப் போட்டிகளையும் வென்றார். ஒரே அறையில் பக்கத்தில் உட்கார்ந்து ஆடும் பழக்கம் ஆட்டக்காரரை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்று நம் பகுதி ஆட்டக்காரர்கள் அப்போது கண்டார்கள். ஒரு தவறை எதிராளி சிரித்துக்கொண்டே பத்தாவது முறை தண்டிக்கும்போது வரும் பாடம் ஆன்லைனில் சீக்கிரம் வராது. அங்கே ஆள் மாறிக்கொண்டே இருப்பார், தவறு மறந்துபோகும்.

ரேங்க் இறங்கிய வாரங்கள்

புதுப் பயிற்சி தொடங்கியதும் அவர் எலிமினேட்டரிலிருந்து கீழே போனார். இது எதிர்பார்த்ததே. கவனம் முழுவதும் தடுப்பதிலும் எண்ணிப் பார்ப்பதிலும் இருக்கும்போது, முன்பு தானாக வந்த தாக்குதல் சற்று நேரம் காணாமல் போகும். பெரும்பாலோர் இந்தக் கட்டத்தில்தான் பயிற்சியைக் கைவிடுகிறார்கள். பழைய முறையில் ஆடினால் உடனே ரேங்க் திரும்பி வந்துவிடும், பழைய சுவரும் கூடவே வரும். ரேங்க் புள்ளி போவதைத் தாங்க முடியாதவர்கள் புதுப் பழக்கத்தைக் குவிக் மேட்சிலோ கோஸ்ட் (கணினி ஆடும்) எதிராளிகளிடமோ முதலில் பழகலாம். அங்கே ரேங்க் போகாது.

ஆனால் அவர் இறங்கியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது, அதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. மைனஸில் அமுக்காதே என்றதை அவர் எப்போதுமே அமுக்காதே என்று எடுத்துக்கொண்டார். ரவுண்டின் 60 செகண்டும் தடுத்துக்கொண்டே நின்றார். கீழ் அடியும் பிடியும் வந்து கொஞ்சம் கொஞ்சமாக உயிரை அரித்தன. டெக்கன் 8 இப்படி ஆடுபவரைக் குறிவைத்தே உருவாக்கப்பட்டிருக்கிறது. 2024 ஜனவரியில் வெளியான இந்தப் பதிப்பில் ஒவ்வொரு ரவுண்டிலும் ஒருமுறை ஹீட் நிலைக்குப் போகலாம். ஏறக்குறைய 10 செகண்ட் நீடிக்கும் அந்த நிலையில் இருப்பவரின் அடிகள் தடுத்தாலும் உயிரைக் குறைக்கும். அப்படிக் குறைந்த உயிரைத் திரும்பப் பெற முக்கிய வழி எதிராளியைத் தாக்குவது. சும்மா காத்திருப்பவருக்கு இந்த ஆட்டம் ஃபிரேம் ஃபிரேமாக அபராதம் போடுகிறது.

எனவே விதியைத் திருத்தினோம். தன் ஜாப் தடுக்கப்பட்டால் பிளஸ் 1. அது தன் முறை, அமுக்கு. எலெக்ட்ரிக் தடுக்கப்பட்டால் பிளஸ் 5, கட்டாயம் அமுக்கு. மின்னல் வராமல் தடுக்கப்பட்டால் மைனஸ் 10, கையை எடு. திரையில் நீல ஒளி வந்ததா இல்லையா என்பதே அவருக்குச் சிவப்பு-பச்சை விளக்கு ஆனது. இந்த மூன்று வரிக்குப் பிறகுதான் அவருடைய ஆட்டம் மீண்டும் மூச்சுவிட்டது.

பயிற்சி எட்டாத இடம்

எல்லாவற்றையும் பயிற்சியால் சாதிக்கலாம் என்று சொல்வது பொய். கஸுயாவின் ஹெல்ஸ்வீப் என்ற கீழ் உதை 16 ஃபிரேமில் வருகிறது. 267 மில்லி செகண்ட். கண்ணால் பார்த்துக் கை அசைய மனிதருக்கு 200 முதல் 250 மில்லி செகண்ட் ஆகும். மேலே கன்சோல், கண்ட்ரோலர், திரை மூன்றின் தாமதம். அதோடு, எந்த அடி வரும் என்று தெரியாமல் நிற்கும்போது இன்னும் நேரம் பிடிக்கும். ஆட்ட நடுவில் இதைப் பார்த்துத் தடுப்பது நடக்காத காரியம். எதிராளி எப்போது அடிப்பார் என்று ஊகித்து முன்கூட்டியே குனிய வேண்டியதுதான். ஊகம் தவறும், சில நேரம் அடி விழும், அதைத் தவறு என்று நோட்டில் எழுதக்கூடாது. மாறாக, பிரையன் என்ற பாத்திரத்தின் ஸ்நேக் எட்ஜ் போன்ற கீழ் அடிகள் அரை செகண்டை நெருங்கும். அவற்றைப் பார்த்தே தடுக்கலாம், தடுக்க வேண்டும். எது பயிற்சிக்கு அடங்கும், எது அடங்காது என்று பிரிப்பதே பெரும்பாலான நேரத்தை மிச்சப்படுத்தும்.

இந்த எல்லை எப்போதும் ஒரே இடத்தில் நிற்பதும் இல்லை. 1989இன் நின்டெண்டோ டெட்ரிஸை எடுத்துக்கொள்வோம். அதில் 29ஆம் நிலையில் கட்டை ஃபிரேமுக்கு ஒரு வரிசை விழும். 20 வரிசை உயரத்தை மூன்றில் ஒரு செகண்டில் கடந்துவிடும். திசைப் பட்டனை அமுக்கியே பிடித்தால், முதலில் 16 ஃபிரேம் காத்து, பிறகு 6 ஃபிரேமுக்கு ஒரு கட்டம்தான் நகரும். கட்டை ஓரத்துக்குப் போவதற்குள் கீழே விழுந்துவிடும். 29தான் ஆட்டத்தின் முடிவு என்று பல்லாண்டு நம்பினார்கள். அந்த முறையில் எத்தனை ஆயிரம் மணி நேரம் ஆடினாலும் அது உண்மைதான். 2011இல் தோர் ஆக்கர்லண்ட் கட்டைவிரலை அதிரவைத்துத் தட்டும் முறையில் 30ஆம் நிலையைத் தொட்டார். பின்னர் ரோலிங் வந்தது: ஒரு கட்டைவிரலைத் திசைப் பட்டன் மேல் லேசாக வைத்து, மற்ற கையின் விரல்களால் கண்ட்ரோலரின் முதுகில் வரிசையாகத் தட்டுவது. 2023 டிசம்பர் 21 அன்று 13 வயது வில்லிஸ் கிப்சன் 157ஆம் நிலைக்குப் போனார். ஆட்டமே உறைந்து நின்றது.

சுவரை உடைத்தது புது முறை. அந்த முறையைக் கைக்குக் கொண்டுவந்தது நெடும் பயிற்சி. பழைய முறையிலேயே இன்னும் கூடுதல் மணி நேரம் போட்டிருந்தால் எதுவும் நடந்திருக்காது. தேங்கி நிற்கும் எவரிடமும் நாங்கள் முதலில் கேட்பது அதனால்தான் "எவ்வளவு நேரம் ஆடுகிறீர்கள்" என்பதல்ல. "போன மாதம் செய்யாத எதை இந்த மாதம் செய்கிறீர்கள்" என்பது.

எல்லா ஆட்டத்துக்கும் இதே விகிதம் பொருந்தாது. துப்பாக்கிச் சண்டை ஆட்டமான கவுண்டர்-ஸ்டிரைக்கில் ஏகே-47இன் 30 குண்டும் மேலெழும்பும் பாதை மாறாதது. சுவரில் சுட்டுச் சுட்டு மவுஸை எதிர்த்திசையில் இழுக்கப் பழகினால் போதும், அது பெரும்பாலும் விடாப்பிடியின் கணக்கு. ஆனால் எந்த மூலையை எப்போது எட்டிப் பார்ப்பது என்பதற்கு அப்படிச் சுவர் கிடையாது.

இன்றைய நிலை

ஆட்டக்காரர் கார்யூவுக்கு ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறி இப்போது அங்கே நிலைத்திருக்கிறார். காம்போவின் சேதம் முன்பைப் போலவேதான் இருக்கிறது. அதில் எந்த முன்னேற்றமும் இல்லை. மாறியது, தடுத்த பிறகு கை என்ன செய்கிறது என்பது மட்டும். லீவர்லெஸ் ஆசையும் இன்னும் இருக்கிறது. காரணம் தெளிவாகிவிட்டதால் இப்போது மாற்றிப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறோம்.

இரண்டு ஓட்டைகள் பாக்கி. திரையின் வலப்பக்கம் நின்று ஆடும்போது எலெக்ட்ரிக் இன்னும் பிந்துகிறது. அந்தப் பக்கத்தை மட்டும் வைத்துத் தினமும் 10 நிமிடம் போகிறது. இன்னொன்று பிடி. பிடிகளுக்குப் பேர்போன கிங் பாத்திரத்தை ஆடுபவர்களிடம் அவர் இன்னும் தோற்கிறார். சாதாரணப் பிடிகளை 1 அல்லது 2, எதை அமுக்கினாலும் உடைக்கலாம். தனிக் கட்டளைப் பிடிகளுக்குக் கை பார்க்க வேண்டும்: இடது கை முன்னால் வந்தால் 1, வலது என்றால் 2, இரண்டும் சேர்ந்து நீண்டால் 1+2. அவர் கண் எதிராளியின் முகத்திலும் உயிர்க்கோட்டிலும் நிற்கிறது. பயிற்சி மோடில் மூன்று பிடிகளைப் பதிந்து, நடுவே ஒரு ஜாபையும் கலந்து, பார்வையை எதிராளியின் தோளில் நிறுத்தி உடைக்கிறார். முதல் வாரம் பட்டன் எதையும் அமுக்காமல், எந்தக் கை வந்தது என்று வாயால் சொல்வது மட்டும்தான் பயிற்சி. அது பிசகாமல் வந்த பிறகே விரலுக்கு வேலை.